நின்றால் மட்டும் கொதிக்கும் வண்டி

செழியா,

கைபேசியில் நம் குடும்பப் புலனக் குழுவில் நீ செவ்வாய்க்கிழமை காலை எழுதிய மூன்று வரிகளுக்கு இது என் மறுமொழி. நீ எழுதியதை உனக்கே ஒருமுறை படித்துக் காட்டுகிறேன். "அம்மா இனிமே கார் ஓட்ட மாட்டாங்க. சனிக்கிழமை பத்து மணிக்கு ஆள் வந்து கார எடுத்துக்குவாங்க. யாரும் அம்மாவ தூரத்துக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீங்க ப்ளீஸ்." அதன் கீழே பதினேழு கட்டைவிரல்கள் உயர்ந்து நின்றன. நான் எண்ணினேன். இரண்டு பேர் கைகூப்பியும் இருந்தார்கள், ஏதோ நான் மண்ணைவிட்டே போய்விட்டவள் போல. முப்பத்தொரு உறவினர் முன்னிலையில் என் கையிலிருந்த திறவுகோலை நீ பிடுங்கினாய். ஆகவே முப்பத்தொருவர் முன்னிலையிலேயே நானும் வாதாடப் போகிறேன். தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, அதே குழுவில் இடுவேன். ஊரறிய வழங்கிய தீர்ப்புக்கு ஊரறியத்தான் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

சட்டம் உன் பக்கம் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். உன் அப்பா மறைந்தபின் அலுவலகத்தில் வரிசையில் நிற்கச் சலித்து, "வண்டியை உன் பெயருக்கே மாற்றிக்கொள்" என்று சொன்னவள் நான்தான். அன்று போட்ட கையெழுத்தின் பொருள் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. பதினான்கு ஆண்டு பழைய அந்தச் சிறிய மகிழுந்து ஆவணத்தில் உன்னுடையது. விற்க உனக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நீ பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவே எழுதுகிறேன். கெஞ்சி எழுதவில்லை. கெஞ்சுவதற்கு எனக்குப் பயிற்சி போதாது.

நடந்ததை வரிசையாக வைக்கிறேன். குழுவில் கட்டைவிரல் காட்டியவர்களுக்கு நடந்தது தெரியாது. பிரிக்பீல்ட்சில் மாலை நான்கு மணிக்கு எனக்கு உரை. உன் மனைவி கோமதி என்னோடு வந்தாள். கிள்ளானில் என் வீட்டிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை முழுவதும் வண்டி நல்ல பிள்ளையாக வந்தது. பிரிக்பீல்ட்சுக்குள் நுழைந்து, நெரிசலில் பத்து மணித்துளி நின்றிருப்போம். முதலில் குளிரூட்டி வெறுங்காற்றாய் வீசியது. வெயில் கடுமை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வெப்பம் காட்டும் முள் ஏறியது. பூக்கடை வரிசைக்கு எதிரே ஆவி கிளம்பிற்று. நான் உடனே வண்டியை ஓரங்கட்டி, இயந்திரத்தை நிறுத்தி, முன்மூடியைத் திறந்தேன். ரேடியேட்டரின் வாய்மூடியைத் துணியால் பிடித்தபோது பூக்கடைக்காரர் மாலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அக்கா! அதத் தொறக்காதீங்க! தொறந்தீங்கன்னா இந்த மாலையத்தான் உங்களுக்குப் போடணும்!"

கோமதி சிரித்துவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் கடை முக்காலியில் உட்கார வைத்தாள். "அத்தை, நான் வண்டியப் பாத்துக்கிறேன். நீங்க போய்ப் பேசிட்டு வாங்க. ஆவி வாசனையோட போங்க, கூட்டம் நல்லா சூடா இருக்கும்" என்றாள். நடந்தே போனேன். நாற்பது மணித்துளி பேசினேன். நான் திரும்பி வரும்வரை அவள் அந்தக் கடையில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். நீ வந்து சேர்ந்தாய், இழுவை லாரியை வரவழைத்தாய், பெட்டாலிங் ஜெயாவில் உன் நண்பனின் பட்டறைக்கு வண்டியை அனுப்பினாய். அதுவரை உன்மீது எனக்குக் குறையில்லை.

உன் நண்பன் ரேடியேட்டரைக் கழுவினான். வாய்மூடியை மாற்றினான். நீரோட்டத்தைத் திறந்து மூடும் கருவியையும் மாற்றினான். பிறகு நெடுஞ்சாலையில் ஏற்றி, போய்த் திரும்பி, "எல்லாம் ஓகே" என்றான். நான்கு நாள் கழித்துக் கிள்ளான் பாலத்தின்மீது, காலை நெரிசலில், மறுபடியும் கொதித்தது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஒலிப்பானை அழுத்திப் பாடம் நடத்தினான். நீ மறுபடியும் உன் நண்பனைக் கேட்டாய். அவன் மறுபடியும் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தான். முள் அசையவில்லை. அன்று மாலை நீ என் வீட்டுக்கு வந்து, உட்காராமல், கதவருகே நின்றே சொன்னாய்: "கார்ல ஒண்ணும் இல்லம்மா. அவன் ஓட்டுனா சரியா இருக்கு. நீங்க ஓட்டுனாதான் சூடாவுது. மீட்டரப் பாக்குறீங்களா இல்லையான்னே தெரியல. அறுபத்தெட்டு வயசாச்சு. போதும்மா."

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதியை நீ ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாய். நீ சொன்னதில் ஒரு கணக்குச் சரியாக இருந்தது, செழியா, அதனால்தான் அமைதியாக இருந்தேன். அவன் ஓட்டினால் கொதிக்கவில்லை, நான் ஓட்டினால் கொதிக்கிறது. அப்படியானால் பழுது என்னிடம். மறுத்துப் பேச என்னிடம் சான்று இல்லை. சான்றில்லாமல் பேசுவதில்லை என்பது நாற்பது ஆண்டாக நான் காக்கும் ஒழுங்கு. இரவெல்லாம் என்னையே ஐயுற்றேன். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு நாட்காட்டியின் சிற்றெழுத்தைப் படித்துப் பார்த்தேன். படிக்க முடிந்தது. மறுநாள் காலை உன் மூன்று வரிகள் குழுவில் வந்தன.

அந்த வண்டி எனக்கு எதற்கு என்று நீ கேட்டதில்லை. கேட்டிருந்தால் அம்பாங் கூட்டத்தை நினைவூட்டியிருப்பேன். உனக்கு அப்போது ஆறு அகவை. என்னிடம் வண்டி இல்லை, ஓட்டவும் தெரியாது. ஏற்பாட்டாளர்களின் வண்டியில் போய், ஏற்பாட்டாளர்களின் வண்டியில் திரும்புவதே வழக்கம். அன்று கூட்டத் தலைவர் தாமே வந்து நம்மை ஏற்றிச் சென்றார். மேடையில் தமிழ்ப்பள்ளியைப் பற்றி உருகி உருகிப் பேசினார். அவர் பிள்ளைகளில் ஒன்றுகூடத் தமிழ்ப்பள்ளி வாசலை மிதித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். என் முறை வந்தபோது, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதைக் கேட்டேன். அவை கைதட்டியது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவர் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவருடைய ஆள் ஒருவன் மட்டும் குடையோடு நின்றான்.

"ஐயாவுக்கு அவசர வேலையாம்மா. நீங்கதான் நல்லாப் பேசுறீங்களே, பஸ்ஸையும் பேசியே நிறுத்திருவீங்க" என்றான்.

மழை பெய்துகொண்டிருந்தது. உன் காலணி ஒன்று சேற்றில் போயிற்று. உன்னைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன். "அம்மா, அந்த அங்கிள் ஏன் நம்மள விட்டுட்டுப் போனாரு?" என்று நீ கேட்டாய். நான் உண்மையைச் சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்றேன்.

இதுவரை நீயும் உடனிருந்த கதை. அறியாததை இப்போது சொல்கிறேன். அதற்குப்பின் மூன்று கூட்டங்களில் நான் அடக்கிப் பேசினேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், கேட்க வேண்டியவரைக் கேட்காமல், பூப்போலப் பேசிவிட்டு இறங்கினேன். மக்கள் கைதட்டினார்கள், வேறுபாடு அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மேடையில் நிற்கும்போதே, வீடு திரும்ப யார் வண்டி, அவர் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது கூட்டத்திலிருந்து திரும்பும்போது, ஏற்றிவந்தவர், "இன்னிக்கு ரொம்பப் பக்குவமா பேசுனீங்க" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கேட்ட மறுவாரம் ஓட்டுநர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். நாற்பத்தொன்றாம் அகவையில், இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை உரிமம் வாங்கினேன். அன்றுமுதல் எவருக்கும் பக்குவமாக நான் பேசியதில்லை. நீ சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போகச் சொன்னது அந்த வாயைத்தான். வேண்டுமென்று செய்யவில்லை என்று அறிவேன். ஆனாலும் அதைத்தான்.

ஆகவே புதன்கிழமை காலை, நெரிசல் தொடங்குமுன், கிள்ளானிலேயே குணா என்பவனின் பட்டறைக்குப் போனேன். அவன் தனியாக வேலை பார்க்கும் போர்மன், வண்டிப் பழுது பார்ப்பவன். கறுத்த கையும் வெற்றிலை வாயுமாய், பெரிய வண்டிகள் இரண்டுக்கு நடுவே ஒரு மோட்டார் சைக்கிளின் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான். சன்னல் வழியே "வண்டி கொதிக்கிறது" என்றேன்; நான் இறங்குமுன்பே கேட்டான்.

"எப்ப சூடாவுது ஆன்டி?"

"நான் உனக்கு ஆன்டி இல்லை, தம்பி. அம்மா என்று சொல், அக்கா என்று சொல்."

"சரிங்க ஆன்டி. ஜேம்ல நிக்கிறப்பவா, ஹைவேயில போறப்பவா?"

"நிற்கும்போது மட்டும். ஓடும்போது முள் பாதிக்குக் கீழேதான்."

"ஏர்கோன்? ஜேம்ல சூடா காத்து வந்துச்சா?"

"வந்தது. வெயில் என்று நினைத்தேன்."

"வெயில் இல்ல ஆன்டி. பேன் சுத்தல." சங்கிலியை விட்டுவிட்டு எழுந்து வந்தான். "ஓடுறப்ப எதிர்க்காத்தே உள்ள பூந்து ரேடியேட்டர ஆத்திரும். நின்னா காத்து ஏது? பேன்தானே இழுக்கணும்? அது தூங்குனா தண்ணி கொதிக்காம என்ன செய்யும்? ஹைவேயில ஓட்டிப் பாத்து ஓகேன்னு எவனாச்சும் சொல்லியிருப்பானே?"

"சொன்னான்."

"காய்ச்சல்காரன ஐஸ் பொட்டிக்குள்ள ஒக்கார வச்சுட்டு நெத்தியத் தொட்டுப் பாத்த மாதிரி லா!"

செழியா, அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். இரவெல்லாம் என்னை உறுத்திய கணக்கு அங்கே உடைந்தது. உன் நண்பன் ஓட்டினான், நான் ஓட்டினேன் என்பதல்ல வேறுபாடு. அவன் ஓட்டிக்கொண்டே இருந்தான்; நான் நிறுத்தப்பட்டேன். அந்த வண்டி ஓடினால் கொதிப்பதில்லை, நிறுத்தி வைத்தால்தான் கொதிக்கிறது. உன் தாயின் உடல்நிலைக் குறிப்பையும் இதைவிடச் சுருக்கமாக எந்த மருத்துவரும் எழுதிவிட முடியாது.

ஆனால் குணா என்னைவிட ஒழுங்கானவன். "இது நான் சொல்றது. வண்டி என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்றான். அவன் கேட்ட முறையை நீ அறிய வேண்டும். இதைத்தான் நீ என்னிடம் செய்யவில்லை. வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டான். முன்மூடியைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். குளிரூட்டியைப் போடச் சொன்னான். போட்டவுடன் விசிறி சுழல வேண்டுமாம். சுழலவில்லை. முள் ஏறத் தொடங்கியதும், கொதிக்கவிடாமல் நிறுத்தினான். "முந்தானைய நல்லா சொருகிக்கங்க ஆன்டி. திடீர்னு சுத்துனா சேலையோட உங்களையும் இழுத்துரும்" என்றான். சொருகிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். விசிறிக்கு வரும் மின்இணைப்பைக் கழற்றி, மின்கலத்திலிருந்து இரண்டு கம்பிகளை நேராக அதற்குக் கொடுத்தான். விர்ரென்று சுழன்றது. காற்று என் முகத்தில் அடித்தது.

"பேன் நல்லாருக்கு. பேனுக்கு சாப்பாடுதான் வரல" என்றான். பிறகு சாப்பாடு எங்கே நிற்கிறது என்று தேடினான். பியூஸ் எரியவில்லை. விசிறியை இயக்கும் ரிலே என்ற சிறு பெட்டியைப் பிடுங்கி, ஒலிப்பானுக்கு இருந்த அதே போன்ற பெட்டியை அங்கே செருகிப் பார்த்தான், அப்போதும் சுழலவில்லை. ஆக, பெட்டியிலும் பழுதில்லை. சிறு விளக்கொன்றைக் கம்பியில் மாட்டித் தொட்டுக்கொண்டே போனான். பியூஸ் அருகே விளக்கு எரிந்தது. ரிலே அருகே எரியவில்லை. இரண்டுக்கும் இடையே இரண்டடிக் கம்பி. கறுப்பு உறையைப் பிரித்துக்கொண்டே வந்தவன் நின்றான். உள்ளே ஒட்டுநாடா சுற்றிய ஒரு முடிச்சு. நாடா உருகிப் பாகாகியிருந்தது. பிரித்தால், மூன்று கம்பிகளை வெறுங்கையால் முறுக்கிய ஒரு கட்டு. கருகி, பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. மூன்றாவது கம்பி வண்டியின் பின்பக்கத்துக்குப் போயிற்று. அங்கே அதன் முனை எதிலும் மாட்டப்படாமல் கிடந்தது.

"யாரு ஆன்டி இந்த வயர இழுத்தது? பேனோட லைன வெட்டி நடுவுல முடிச்சுப் போட்டிருக்கான். கொஞ்சங்கொஞ்சமா வெந்து வெந்து, இப்ப செத்துருச்சு. இந்தக் கைய ஒடைக்கணும்."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன்: "கை வேறொருவருடையது. கட்டளை என்னுடையது."

மூன்று ஆண்டுக்குமுன் டெங்கிலில், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை இடம்மாற்றக் கூடாது என்று நாங்கள் கூடிய நாள் உனக்கு நினைவிருக்கும். திடலில் மின்சாரம் வரவில்லை. என் வண்டியின்மேல் ஒலிபெருக்கியைக் கட்டினோம். ஒலியமைப்பாளர் பொறுமையானவர். "அக்கா, பேட்டரியிலேருந்து தனி வயர், தனி பியூஸ் போட்டு இழுக்கணும். ஒரு மணி நேரம் குடுங்க" என்றார். வெயிலில் இருநூறு பேர் நின்றார்கள். நான் முன்மூடிக்குள் குனிந்து, கைக்கெட்டிய தடித்த கம்பியைக் காட்டி, "இதில் மின்சாரம் ஓடுகிறதல்லவா? இதிலேயே சேர்" என்றேன். "அது வேற எதுக்கோ போகுதுக்கா" என்றார் அவர். "போகட்டும். என் மக்கள் காத்திருக்கிறார்கள்" என்றேன். அவர் வெட்டி முறுக்கினார். நான் பேசினேன். டெங்கில் முழுவதும் கேட்டது என்றார்கள். பள்ளி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. ஒலிபெருக்கியைக் கழற்றினோம், முடிச்சை மறந்தோம். என் குரலுக்காக விசிறியின் உயிர்க்கம்பியை அறுத்தவள் நானே. மூன்றாண்டு அது கருகிக்கொண்டிருந்தது, நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆக, நீ சொன்னதில் பாதி உண்மை. பழுது ஓட்டுநரால்தான் வந்தது. இதை முப்பத்தொருவர் முன்னிலையில் எழுதுவது எனக்கு எளிதன்று. ஆனாலும் அடித்துத் திருத்தாமல் எழுதியிருக்கிறேன் என்பதைப் படத்தில் பார். கண் மங்கியதால் வரவில்லை அந்தப் பழுது, கை நடுங்கியதால் வரவில்லை, அகவையால் வரவில்லை. அறுபத்தைந்தில் செய்தது, முப்பதிலும் செய்திருக்கக்கூடியது; மேடைக்கு நேரமாகிவிட்டதென்றால் கையில் அகப்பட்டதை வெட்டும் என் பழக்கத்தால் வந்தது.

அந்தப் பழக்கம் இன்னொரு கம்பியையும் அறுத்திருக்கிறது. பிரிக்பீல்ட்சில், உரை முடிந்து வந்து உனக்காகப் பூக்கடை முக்காலியில் காத்திருந்தபோது, கோமதி ஒன்று சொன்னாள். உனக்குப் பதினொரு அகவையில் நடந்த பேச்சுப்போட்டியைப் பற்றி. நான் எழுதிக் கொடுத்த உரையை மூன்று வாரம் மனப்பாடம் செய்தாய். மேடையேறி, இரண்டாம் பத்தியில் நின்றாய். வாய் திறந்தபடி நின்று, பிறகு இறங்கிவிட்டாய். திரும்பும் வழியில் வண்டியில் நான் உன்னைக் கேட்கவில்லை; தீர்ப்புச் சொன்னேன். "உனக்கு நெஞ்சுரம் இல்லை" என்றேன். இன்றுவரை நீ எந்த மேடையும் ஏறியதில்லை. உன் திருமணத்தில்கூட நன்றி சொல்ல ஒலிவாங்கியை வாங்க மறுத்துவிட்டாய். நான் அதையும் உன் இயல்பு என்றே இருந்தேன்.

"அன்னிக்குக் காலையில கார்ல வச்சு நாலு வரிய மாத்துனீங்களாமே அத்தை" என்றாள் கோமதி. "அவருக்குப் பழைய வரிதான் வாயில இருந்துச்சாம். அந்த எடம் வந்ததும், பழசச் சொன்னா அம்மா கோவிச்சுக்குவாங்க, புதுசு ஞாபகம் வரல, அப்படியே நின்னுட்டேன்னாரு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

சொல்லிவிட்டேன், கோமதி. மன்னித்துக்கொள். குணாவின் பட்டறையில் அந்தக் கருகிய முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. செழியா, உன் மகனுக்கு, மகளுக்கு நாளை நீ என்ன கற்பிப்பாய் என்று நான் கேட்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். ஒன்று நின்றுவிட்டால், அதன் இயல்பைக் குறைசொல்லுமுன், நின்ற இடத்திலேயே வைத்துப் பார். காத்திரு. கம்பியைத் தொட்டுத் தொட்டுப் போ. இருபத்துமூன்று ஆண்டுக்குமுன் நான் உன்னிடம் அதைச் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை நீ என்னிடம் அதைச் செய்யவில்லை. நாம் இருவரும் ஒரே பட்டறையில் பழகியவர்கள் போலும். நான் தொடங்கி வைத்ததை நானே நிறுத்துகிறேன்.

அதற்காகத் திறவுகோலைத் தருவேன் என்று நினையாதே. இரவில் ஓட்டுவதை நான் இரண்டு ஆண்டுக்குமுன்பே நிறுத்திவிட்டேன். எதிர்விளக்குகள் கண்ணில் சிதறத் தொடங்கிய வாரத்திலேயே. எவரும் சொல்லி அன்று, நானாக. இரவுக் கூட்டங்களைப் பகலுக்கு மாற்றச் சொல்லி ஏற்பாட்டாளர்களோடு சண்டை பிடித்தேன். நீ கவனிக்கவில்லை. பகலிலும் ஓட்டக் கூடாத நாள் ஒன்று எனக்கு வரும். அந்த நாளைச் சொல்லும் உரிமையைக் கோமதிக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் மாதம் இருமுறை என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள். "போதும் அத்தை" என்று அவள் சொன்னால், அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இறங்குவேன். அவள் சொல்லுக்கு இறங்குவேன், உன் சொல்லுக்கு இறங்க மாட்டேன். இந்த ஓராண்டில் என் வண்டியில் ஒருமுறையும் ஏறாமல் தீர்ப்பு எழுதியவன் நீ.

இதுவரையிலான பக்கங்களை வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வீட்டில் எழுதினேன். இதைச் சனிக்கிழமை காலை, வண்டிக்குள் இருந்து, தாளைச் சக்கரத்தின்மேல் வைத்து எழுதுகிறேன். குணா கருகிய முடிச்சை அறுத்தெறிந்து, புதுக் கம்பி இழுத்து, இணைப்பைப் பற்றவைத்து, உறையிட்டுக் கொடுத்தான். ஒலிப்பானின் பெட்டியையும் அதன் இடத்தில் வைத்தான். பின்பக்கம் போன அந்த மூன்றாவது கம்பியைச் சுருட்டி என் கையில் கொடுத்து, "இத வீட்டுல மாட்டி வைங்க ஆன்டி, அடுத்த கூட்டத்துக்குப் போறப்ப பாத்துட்டுப் போங்க" என்றான். முன்னிருக்கையில் கிடக்கிறது.

காலை எட்டரைக்குக் கிள்ளானில் கிளம்பினேன். வேண்டுமென்றே சந்தைப் பக்கமாக வந்து, நெரிசலில் நின்றேன். பாலத்திலும் நின்றேன். இப்போது ஒன்பதே முக்கால். பெட்டாலிங் ஜெயாவில், உன் வாயிற்கதவுக்கு எதிரே, இயந்திரம் ஓட, குளிரூட்டி ஓட, இருபத்தைந்து மணித்துளியாய் ஓரங்குலம் அசையாமல் நிற்கிறேன். உன் நண்பன் செய்யாத சோதனை இது. விசிறி சுழல்கிறது, நிற்கிறது, மறுபடி சுழல்கிறது. உள்ளே இருந்தே எனக்குக் கேட்கிறது. முள் நடுவில் நிற்கிறது. மாடிச் சன்னலில் கோமதி திரையை விலக்கிப் பார்த்துவிட்டாள். இந்தக் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டு ஒலிப்பானை அழுத்துவேன்.

கீழே இறங்கி வா. பத்து மணிக்கு வரும் ஆளிடம் வண்டி விற்பனைக்கில்லை என்று நீயே சொல்லி அனுப்பு. உன்னிடமுள்ள மாற்றுத் திறவுகோலைக் கொண்டுவந்து என் கையில் கொடு. பிறகு அந்தக் கம்பியைப் பின்னால் எறிந்துவிட்டு என் பக்கத்தில் உட்கார். பதினொன்றரைக்கு எனக்கு டெங்கிலில் உரை. வழியெல்லாம் முள்ளை நீயே பார்த்துக்கொண்டு வரலாம். நான் சாலையைப் பார்த்துக்கொள்கிறேன். போகும் வழியில் அந்தப் பழைய நான்கு வரிகளை, நான் கைவைப்பதற்கு முன்பு இருந்தபடி, எனக்குச் சொல்லிக் காட்டு.

ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

உன் வாசலில் நிற்கும்,
அம்மா